மூலைக்கு ஓடியவன்

ஏழுதெங்குத்துறைக்காரர்களிடம் நீங்கள் மீன் விலையைப் பற்றிப் பேசலாம், டீசல் விலையைப் பற்றிப் பேசலாம், பங்குத்தந்தையின் பிரசங்கம் நீண்டுகொண்டே போவதைப் பற்றிக்கூட பேசலாம், ஆனால் துறைக் கல்லூரி மைதானத்தில் விழுந்த கோல்களில் எது பெரிய கோல் என்று மட்டும் வாய் தவறியும் கேட்டுவிடாதீர்கள், கேட்டால் அன்றைக்கு நீங்கள் வீடு போய்ச் சேர மாட்டீர்கள். கல்லூரியில் படித்தவனும் கேட்டுக்குள் கால் வைக்காதவனும் ஒரே குரலில் சண்டை போடுகிற விஷயம் அது ஒன்றுதான். சாயங்காலம் ஆனால் மைதானத்தின் மேற்கு மதிலில் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள், உட்கார்ந்ததும் ஒருவன் ஆரம்பிப்பான், நெற்றி கிழிந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும்போது தலையால் முட்டிப் போட்ட கோல்தான் பெரிசு என்று, இன்னொருவன் போடா மயிராண்டி, கார்னரில் இருந்து கடல்காற்றை நம்பி அடித்து, காற்றே பந்தைத் திருப்பிக் கொண்டுபோய் உள்ளே விட்டதே அதுதான் கோல் என்பான், மூன்றாமவன் பூட்ஸும் பந்தும் சேர்ந்து பறந்துபோய் கோல்கீப்பர் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு நின்ற கதையைச் சொல்வான். கடைசியில் தொபியாஸ் தொண்டையைச் செருமுவார். தொபியாஸ் 'சமுத்திரத்தாய்' விசைப்படகில் பெரிய பங்குக்காரர், மதிலில் நடுவிடம் அவருக்கு. "எல்லாம் கோலுதான்டே, இல்லேங்கல. ஆனா மார்ஷலுக்க கோலு இருக்கே" என்று அவர் இழுப்பார், அதோடு எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்தக் கோலைப் பார்க்காதவர்களுக்கும் அது மனப்பாடம். கல்லூரிகளுக்கிடையேயான கோப்பையின் இறுதி ஆட்டம், எதிரே மலையோரத்துக் கல்லூரி, அவர்களுடைய பின்வரிசையில் இரண்டு தடியன்கள், அவர்களைத் தாண்டி அந்த வருஷம் முழுக்க ஒரு ஈ போகவில்லை. ஆட்டம் முடியப்போகிறது, மார்ஷல் நடுக்கோட்டில் பந்தை வாங்குகிறான், ஒருவனை இடதில் கழிக்கிறான், ஒருவனை வலதில் கழிக்கிறான், மூன்றாமவன் காலுக்கு நடுவே தட்டிவிட்டுச் சுற்றி ஓடுகிறான், பாக்ஸுக்குள் நுழைகிறான், அடிக்கிறான், வலை பொம்மிக்கொண்டு வருகிறது. அன்றைக்குக் கத்திய கத்தலில் மாதா கோவில் புறாக்கள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டு மறுநாள்தான் திரும்பின. மார்ஷலுக்கு அந்தக் கோலிலேயே ரயில்வேயில் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போய்விட்டான்.

அதே கோல் இன்னொருவனுக்கும் ஒன்றைக் கொடுத்தது, அது பட்டப்பெயர். வலை பொம்மிய அந்த நொடியில் யாரோ திரும்பிப் பார்த்தபோது, நம் கல்லூரியின் இடது ஓரத்து ஆட்டக்காரன் கிரிசோஸ்தம், கோலுக்குச் சம்பந்தமே இல்லாமல், வலது மூலைக் கொடியின் அடியில் மண்ணைக் கவ்விக்கொண்டு கிடந்தான். இடப்பக்கம் நிற்க வேண்டியவனுக்கு அங்கே என்ன வேலை? சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. அன்றைக்கே தொபியாஸ் வைத்த பெயர் 'திசைமாறி'. கடற்கரையில் பட்டப்பெயர் ஒட்டினால் சாகிறவரைக்கும் போகாது, கல்லறையில்கூட அதைச் சொல்லித்தான் வழி காட்டுவார்கள்.

மற்ற ஊரில் என்றால் திசைமாறி என்பது வெறும் கேலி, போகட்டும் என்று விட்டுவிடலாம். மீன்பிடிக்கிற ஊரில் விட முடியுமா? கிரிசோஸ்தம் 'சமுத்திரத்தாய்' படகில் வருஷக்கணக்காக வலை இழுத்தான். நடுக்கடலில் படகை ஓட்டுகிற ஸ்ராங்கு அசந்து தூங்கும்போது சுக்கானைப் பிடிப்பவன் அவன்தான் என்பது படகில் இருந்த எல்லாருக்கும் தெரியும், கரைக்கு வந்ததும் யாருக்கும் தெரியாது. இப்போது ஸ்ராங்கு கண் மங்கிப்போய் இனி கடலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அடுத்த ஸ்ராங்கு யார் என்ற பேச்சு வந்தது, கிரிசோஸ்தம் வாழ்க்கையில் முதல்முறையாக வாய் திறந்து எனக்குத் தாருங்க என்று கேட்டான். "திசைமாறி பிடிக்கிற சுக்கானை நம்பி நான் ஏறமாட்டேன்" என்றான் ஒருவன். "ஜிபிஎஸ் இருக்குல்லா?" என்று இன்னொருவன் கேட்டதற்கு, "இவன் பக்கத்துல போனா ஜிபிஎஸ்சும் தலைகீழாத்தான் காட்டும்" என்றார் தொபியாஸ், எல்லாரும் சிரித்தார்கள், கிரிசோஸ்தமும் கூடச் சேர்ந்து சிரித்தான். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸ்ராங்கு யாரென்று முடிவு சொல்வதாகக் கூட்டம் கலைந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததை, சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்ததை, அவன் மனைவி ரெஜினாள் பார்த்தாள். 

அந்தத் தடைக்காலத்தில்தான் அது நடந்தது. படகுகள் எல்லாம் கரையில், ஆண்கள் எல்லாம் வீட்டில், ஊருக்கே வேலை கிடையாது, மழையென்றால் நல்ல மழை. மழை விட்ட ஒரு காலையில் மைதானத்தில் நடுக்கோட்டிலிருந்து கடல்பக்கத்து கோல்வரை புல் ஒரு தடமாகப் படுத்துக் கிடந்தது. இடதில் வளைந்து, வலதில் வளைந்து, ஓரிடத்தில் ஒரு சுழி சுழித்து, பாக்ஸை நோக்கிப் போயிற்று. முதலில் அதில் கால் வைத்தது பியூன் வீட்டு வெள்ளாடு. கால் வைத்ததுதான் தாமதம், ஆடு தலையை நிமிர்த்தியது, யாரும் இல்லாத இடத்தில் ஒருவனை இடதில் கழித்தது, இன்னொருவனை வலதில் கழித்தது, சுழியில் சுற்றி ஓடியது, பாக்ஸுக்குள் நுழைந்ததும் எதிலோ முட்டியதுபோல் குட்டிக்கரணம் அடித்து விழுந்து, எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி புல் மேய்ந்தது. மதிலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லேய், இது மார்ஷலுக்க ஓட்டமில்லா?" என்றார் தொபியாஸ்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக இல்லை. முதலில் வாலிபர்கள் ஓடினார்கள், பிறகு வாலிபம் போனவர்கள் ஓடினார்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொபியாஸ் ஓடினார், ஐஸ் கம்பெனி கணக்கப்பிள்ளை ஓடினார், மூட்டுவலித் தைலம் தேய்த்த காலோடு மணியடிக்கிற கோவில்பிள்ளை ஓடினார், மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு ஓடினார்கள், தடத்தின் தலைப்பில் கால் வைத்தால் போதும், மீதியைத் தடம் பார்த்துக்கொண்டது. பந்து கிடையாது, ஆனால் காலில் பந்து இருந்தது, ஓடிய எல்லாரும் அதன் கனத்தைச் சொன்னார்கள். ஆட்கள் கிடையாது, ஆனால் ஒவ்வொருவனைக் கழிக்கும்போதும் அவன் வேர்வை நாற்றம் மூக்கில் அடித்தது. மார்ஷல் ஓடியபோது பிறந்தே இராதவர்கள்கூட ஓடி முடித்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்கள், என் காலா இது, என் காலா இது என்று அழுதார்கள்.

சீக்கிரமே அதற்கும் ஒரு ஒழுங்கு வந்தது. காலையில் பெண்களுக்கு, சாயங்காலம் ஆண்களுக்கு, பூசை நேரத்தில் யாருக்கும் கிடையாது என்று பங்குத்தந்தை அறிவித்தார், அறிவித்துவிட்டு, ஆளில்லாத மத்தியானத்தில் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் ஓடியதை ரெண்டு பேர் பார்த்தார்கள். கல்யாணமான ஜோடிகள் போட்டோ எடுத்த கையோடு ஓடிவிட்டுத்தான் விருந்துக்குப் போனார்கள். உள்ளூரில் யாரும் அது எப்படி என்று கேட்கவில்லை. அசலூர்க்காரன் ஒருவன் வந்து இதற்கு என்ன காரணம் என்று கேட்டதற்கு, "கடலுக்கு என்ன காரணம்?" என்று கேட்டு அவனை வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

ஒரே ஒரு குறை இருந்தது. யாரும் கோல் போடவில்லை. ஆடு விழுந்த அதே இடத்தில், பாக்ஸுக்குள் நாலெட்டு வைத்ததும், எல்லாரும் விழுந்தார்கள். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு நெஞ்சுகள் வந்து மோதுவது தெரிந்தது, மூச்சு நின்றது, மல்லாந்தார்கள். விழுகிற இடத்தில் பழைய வலைகளைக் கொண்டுவந்து மெத்தையாக அடுக்கிப் போட்டார்கள், அந்த அளவுக்கு விழுந்தார்கள். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு ஓடிப் பார்த்தார்கள், நோன்பிருந்து ஓடிப் பார்த்தார்கள், அன்றைக்கு மார்ஷல் போட்டிருந்த அதே எண் சட்டையை இரவல் வாங்கிப் போட்டு ஓடிப் பார்த்தார்கள். "நம்ம யாராலயும் முடியாதுடே, அது மார்ஷலுக்க கோலு, அவன் வந்தாத்தான் விழும்" என்று தொபியாஸ் முடிவு சொன்னார், மார்ஷலுக்குப் போன் போட்டார்கள்.

மார்ஷல் வந்தான். முன் தலையில் முடி போய், வயிறு கொஞ்சம் முன்னால் வந்து, ஆனாலும் மார்ஷல். ஊரே திரண்டது, பேண்டு வாத்தியம் வைத்தார்கள். அவன் தடத்தில் கால் வைத்தான், இடதில் கழித்தான், வலதில் கழித்தான், சுழியில் சுற்றினான், ஐயோ என்ன ஓட்டம், ஓடினால் அவன்தான் ஓட வேண்டும் என்று பெண்கள் வாயில் கை வைத்தார்கள், பாக்ஸுக்குள் போனான், விழுந்தான். வலைக்குவியலின் மேல் மல்லாந்து கிடந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அடிபட்டதோ என்று ஓடினால் அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு இங்க ஆரும் இல்லியே, இந்த ரெண்டு பேரும் எங்க இருந்து வந்தானுவ?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பேண்டுக்காரர்கள் சத்தமில்லாமல் கலைந்தார்கள்.

இந்த ஆரவாரத்திலெல்லாம் கிரிசோஸ்தம் மைதானத்துப் பக்கமே வரவில்லை, மூலைக் கொடியடியில் விழுந்த நாளிலிருந்தே வந்ததில்லை. அவன் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்தினான். ரெஜினாளும் ஓடவில்லை, கருவாட்டுக் கூடையோடு சந்தைக்குப் போகிறவளுக்கு ஓட நேரம் எங்கே? மார்ஷல் விழுந்த மறுநாள் மத்தியானம் வெயில் கொளுத்தியது, மைதானத்தில் ஒரு ஈ காக்கா இல்லை, குறுக்கே போய்விடலாம் என்று இடது ஓரமாக நுழைந்தாள். அந்த ஓரத்தில்தான் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் பைக்குகளை நிறுத்துவார்கள், அன்றைக்கு ஒரு பைக்கும் இல்லை, பைக் நின்ற இடத்தில் புல் தடமாகப் படுத்துக் கிடந்தது. அவள் கால் அதன் மேல் பட்டது.

பட்டதும் ஓடினாள். கூடை தலையில் இருக்க ஓடினாள், மைதானத்தின் குறுக்கே, கோலுக்கு முன்னால் வந்து, கோலைப் பார்க்காமல் திரும்பி, வலது மூலையை நோக்கி ஓடினாள், அவள் வாய் அவளைக் கேட்காமல் கத்தியது, "எனக்குத் தா மார்ஷலே! இங்க தா! இங்க தா!" பின்னால் திடுதிடுவென்று நாலு கால்கள் துரத்தின. இரண்டு பேர், மலைபோல இரண்டு பேர், அவர்களின் மூச்சு அவள் பிடரியில் சுட்டது, ஒருவன் கை அவள் தோளில் உரசியது, அவள் இன்னும் வேகமாக ஓடினாள், வாருங்கடா, வாருங்கடா, இங்கே வாருங்கடா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூலைக் கொடியின் அடியில் கால் இடறி மண்ணில் விழுந்தாள். கூடையிலிருந்து ஒரு நெத்திலிகூட சிந்தவில்லை. அவள் மண்ணில் உட்கார்ந்தபடி அந்தக் கோலைப் பார்த்தாள், அதற்கு முன்னால் யாருமே இல்லை, அகலமாகத் திறந்து கிடந்தது.

அன்று அவள் சந்தைக்குப் போகவில்லை. நேராகக் கரைக்குப் போனாள்.

"கேட்டியளா, நீங்க அன்னைக்கு அந்த ரெண்டு தடியனையும் கூட்டிட்டுப் போனியளா?"

கிரிசோஸ்தம் ஊசியை நிறுத்தினான். அவள் சேலையில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தான்.

"ஆமா" என்றான். "மார்ஷல் வாறான், இவனுவ ரெண்டு பேரும் நிக்கியானுவ. ஒருத்தன் இழுத்துட்டுப் போனாத்தான் வழி தெறக்கும். நான் எனக்குத் தா எனக்குத் தான்னு கத்திட்டு ஓடினேன், பந்து எனக்குத்தான் வரும்னு நம்பிட்டானுவ."

"இத ஏன் சொல்லல?"

"சொன்னேன் பிள்ள. அன்னைக்கே மதில்ல சொன்னேன். கதையப் பாரு கதையன்னு சிரிச்சாவ. மறுபடி சொன்னா கெஞ்சுத மாதிரி இருக்கும்லா."

 கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தெருவில் எத்தனை பேர் திசைமாறி பொண்டாட்டி என்று அவளைக் கூப்பிட்டிருப்பார்கள், அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்திருக்கிறாளே என்று நினைத்தபோது ரெஜினாளுக்கு அழுகை முட்டியது, கோபமும் முட்டியது. "நாளைக்கு ஞாயித்துக்கிழம. மைதானத்துக்கு வாருங்க என்கூட" என்றாள். "நான் வரல, என்ன விட்டுரு" என்றான் அவன். சரி, நீங்கள் வராவிட்டால் போங்கள் என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து ஊர் மைதானத்தில் கூடியிருந்தது. ஸ்ராங்கு யாரென்று தொபியாஸ் சொல்லப் போகிறார், அதற்கு முன்னால் மார்ஷல் கடைசியாக ஒருமுறை ஓடிப் பார்க்கப் போகிறான். மார்ஷல் தடத்தின் தலைப்பில் போய் நின்றபோது ரெஜினாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"மார்ஷல் அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. இன்னொரு தடம் இருக்கு. அதுலயும் ஒருத்தர் ஓடணும், நீங்க ஓடுத அதே நேரத்துல ஓடணும். இல்லைன்னா நீங்க விழுந்துட்டேதான் இருப்பிய." அவள் இடது ஓரத்தைக் காட்டினாள். "அங்க பைக்க நிறுத்தி வச்சிருக்கியளே, அதுக்கடியில பாருங்க."

"திசைமாறி பொண்டாட்டிக்கும் திசை மாறிட்டுப் போல" என்று மதிலில் ஒருவன் சொன்னான், சிரிப்பு எழும்பியது, ஆனால் மார்ஷல் சிரிக்கவில்லை. அவன் இடது ஓரத்துக்கு நடந்துபோய், ஒரு பைக்கை நகர்த்திவிட்டு, புல்லைப் பார்த்தான். அது கோலுக்கு முன்னால் வந்து மூலைக்குத் திரும்புவதைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தான். அவன் முகம் மெல்ல மெல்ல மாறியது. "அன்னைக்குப் பாக்ஸுல ஆரும் இல்ல" என்றான், யாரிடம் என்று தெரியாமல். "என்னப் பாத்துப் பயந்து வெலகிட்டானுவன்னு நான் இத்தன வருஷமா நெனச்சிட்டு இருந்தேன்." சிரிப்பு நின்றுபோயிற்று. பைக்குக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பைக்கை எடுத்தார்கள்.

ரெஜினாள் சேலையைச் செருகிக்கொண்டு தடத்தை நோக்கி நடந்தாள். அப்போது கேட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏட்டி, நில்லு. அது எனக்க ஓட்டம்."

கிரிசோஸ்தம் நின்றுகொண்டிருந்தான். கைலியை மடித்துக் கட்டியிருந்தான், கையில் வலை பொத்துகிற ஊசி அப்படியே இருந்தது, அதை அவளிடம் கொடுத்துவிட்டுத் தடத்தின் தலைப்பில் போய் நின்றான்.  ரெஜினாள் ஊரைப் பார்த்துப் பேசினாள், அவளுக்குத் தன் குரலா அது என்று சந்தேகம் வருகிற அளவுக்குச் சத்தமாகப் பேசினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. அன்னைக்கு நீங்க எல்லாரும் கோலைத்தான் பாத்திய. ஒருத்தராவது இவரப் பாத்தியளா? இன்னைக்கு கோலைப் பாக்கக் கூடாது. எல்லாரும் அந்த மூலையப் பாருங்க."

இப்படி ஒன்றை அந்த ஊரிடம் கேட்கலாமா, நீங்களே சொல்லுங்கள். தடைக்காலம் முழுக்க விழுந்து விழுந்து எழுந்தவர்கள், அந்தக் கோலுக்காக நோன்பிருந்தவர்கள், அது விழப்போகிற நேரத்தில் அதற்கு முதுகைக் காட்டு என்றால்? ஒருவரும் அசையவில்லை. பிறகு மார்ஷல், "திரும்புங்க எல்லாரும்" என்றான். தொபியாஸ் மதிலிலிருந்து மெதுவாக இறங்கினார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கோலுக்கு முதுகைக் காட்டி மூலையைப் பார்த்து நின்றார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர், பங்குத்தந்தையும், கோவில்பிள்ளையும், கணக்கப்பிள்ளையும், கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டு, ஊர் மொத்தமும் திரும்பியது.

ரெஜினாள் கையை உயர்த்தி இறக்கினாள். இரண்டு பேரும் ஓடினார்கள்.

மார்ஷல் எப்படி ஓடினான் என்று யாரும் சொல்ல முடியாது. கிரிசோஸ்தம் ஓடியதை எல்லாரும் சொல்வார்கள். கோலுக்கு முன்னாலிருந்து குறுக்கே பாய்ந்து அவர்கள் கண்ணெதிரே வந்தான், "எனக்குத் தா மார்ஷலே, இங்க தா" என்று கத்தினான், அந்தக் கத்தலில் அவ்வளவு ஆசை இருந்தது, பந்து அவனுக்குத்தான் வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த ஊரும் நம்பிவிட்டது, அவன் திரும்பி மூலையை நோக்கி ஓட, அவனுக்குப் பின்னால் புல் அமுங்கியது, ஐயோ மாதாவே, பெரிய பெரிய காலடிகளாக, இரண்டு ஆட்களின் காலடிகளாக அமுங்கி அமுங்கி வந்தது, மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் தெறித்தது, காலடிகள் கூட்டத்தின் முன்வரிசையை ஒட்டியே வந்தன, யாரும் பின்வாங்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார்கள். கொடியின் அடியில் கிரிசோஸ்தம் விழுந்தான். காலடிகள் அவனைச் சுற்றி வந்து நின்றன, ஏமாந்துபோய் நின்றன.

அப்போது அவர்களின் முதுகுக்குப் பின்னால் வலை அதிர்ந்தது. வலையில் மீன் விழுந்தால் எழும் சத்தத்தைத் தூக்கத்திலும் அறிகிறவர்கள் அவர்கள், அது கோல் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்தது. ஒருவர்கூடத் திரும்பவில்லை. மூலையில் மண்ணோடு கிடந்த மனிதனையே ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, அவன் தலையைத் தூக்கி, இத்தனை முகங்களும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு வெட்கப்பட்டுப் போனான். முதலில் அவனிடம் போய்ச் சேர்ந்தவன் மார்ஷல். அவன் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, தூக்கிய கையை விடாமல், சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

தொபியாஸ் ஸ்ராங்கு யாரென்று சொல்லவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. அன்று இரவு பெய்த மழையில் இரண்டு தடத்திலும் புல் நிமிர்ந்துவிட்டது, பியூன் வீட்டு ஆடு அதை மேய்ந்தது. எது பெரிய கோல் என்ற சண்டை மதிலில் இன்றைக்கும் நடக்கிறது, ரத்தம் ஒழுகிய கோல், காற்று திருப்பிய கோல், பூட்ஸ் பறந்த கோல் எல்லாம் வரும், கடைசியில் தொபியாஸ் தொண்டையைச் செருமி, "எல்லாம் கோலுதான்டே, இல்லேங்கல. ஆனா நம்ம ஆரும் பாக்காத கோலு ஒண்ணு இருக்கே" என்று இழுப்பார்.

தடைக்காலம் முடிந்த அன்று 'சமுத்திரத்தாய்' மற்றப் படகுகளோடு துறைமுகத்தைவிட்டுக் கிளம்பியது. கிரிசோஸ்தம் சுக்கானைப் பிடித்திருந்தான், ரெஜினாள் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல்தூண்டிலின் முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாப் படகுகளும் நேரே மேற்கே போக, அவன் தண்ணீரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, யாருமே போகாத தெற்கு மூலையை நோக்கிச் சுக்கானைத் திருப்பினான். படகில் இருந்த ஒருவரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. பின்னால் வந்த படகுகள், ஒன்றன்பின் ஒன்றாக, அவன் பக்கம் திரும்பின.